ரோசாப்பூ துரை

மதுரை வழக்குகளுக்குப் பேர்போன ஊர். சிவகங்கைச் சீமை யாருக்கு என்ற வழக்கு, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1863இல் கட்டம நாச்சியார் பக்கம் தீர்ப்பாயிற்று. சீமைகள் கைமாறின, வக்கீல் வீடுகள் மாடி கண்டன! மண்ணுக்கும் மகுடத்துக்கும் மட்டுமா வழக்கு? ஆண்டவன் சன்னதிக்கும் வழக்கு நடந்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார் மக்கள் நுழைந்தனர். சேதுபதியின் பெயரால் உரிமையியல் வழக்குத் தொடுக்கப்பட்டது. தீட்டுக் கழிக்கும் சடங்கின் செலவைக்கூட அதில் கேட்டனர். மதுரையில் தொடங்கிய அந்த வழக்கில், பிரிவி கவுன்சில் 1908இல் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்புரைத்தது. வெள்ளைக்காரன் சட்டம் சாதி பார்க்காது என்று நம்பிக் கிடந்தவர்களுக்குக் கிடைத்த விடை அது.

இத்தகைய மதுரைக்கு, அந்தத் தீர்ப்பு வந்த சில ஆண்டுகளுக்குள் ஒரு பாரிஸ்டர் வந்து சேர்ந்தார். பெயர் ஜார்ஜ் ஜோசப். திருவிதாங்கூரின் செங்கன்னூரில் 1887இல் பிறந்தவர். எடின்பரோவில் தத்துவமும் இலண்டனில் சட்டமும் பயின்றவர். 1909இல் நாடு திரும்பியவர். சென்னையில் தொடங்கிய தொழிலை மதுரைக்கு மாற்றிக்கொண்டார். ஜமீன்தார்களின் பத்திரக்கட்டுகளைப் புரட்டியே பெருஞ்செல்வம் சேர்த்திருக்கலாம் அவர். ஆனால் 1918இல் மதுரை ஆலைத் தொழிலாளரின் சங்கத்துக்குத் துணை நின்றார். அதே ஆண்டு, மதுரையில் பேசிய பேச்சுக்காக டாக்டர் வரதராசுலு நாயுடு மீது அரசு வழக்குத் தொடுத்தபோது, அவருக்காக வழக்காடினார். உடன் நின்றவர் இராசகோபாலாச்சாரியார்.

இவை பெயர் தந்த வழக்குகள். நாம் நின்று நோக்க வேண்டியதோ வேறொன்று: பெயரற்றவர்களுக்காக அவர் ஆடிய வழக்கு.

குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. 1871இல் வடக்கே பிறந்து, 1911இல் திருத்தப்பட்டுத் தெற்கே வந்தது. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்தில், வானம் பார்த்த புஞ்சைகளில் வாழ்ந்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது ஊர் ஊராக அது பாய்ந்தது. கையில் ரேகை பதிய வேண்டும். இரவில் போலீசார் கண்பார்வையில் படுக்க வேண்டும். அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போவதற்கும் ராதாரிச் சீட்டு வேண்டும். திருடியவனுக்கா இந்தத் தண்டனை? இல்லை, பிறந்தவனுக்கு! செயலால் அன்று, பிறப்பால் குற்றவாளி என்றது சட்டம். மனு எழுதி வைத்ததை மறுபடி ஆங்கிலத்தில் எழுதியதுபோல் இல்லையா இது?

சட்டத்தின் சூழ்ச்சி இதோடு நிற்கவில்லை. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்தால், அந்த அறிவிப்புச் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை ஆயுள்காலத் தீவாந்தரம். இங்கே வழக்கறிஞன் என்ன செய்வான்? அடிமரத்தை வெட்ட அவனுக்கு வழியில்லை. ஒவ்வொரு வழக்காக, ஒவ்வொரு ஆளாக, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து, போலீசின் பதிவேட்டைப் புரட்டிக் கேள்வி கேட்டு, கிளைகளை ஒடிக்கலாம், அவ்வளவே. புகழும் பணமும் தராத வேலை.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை பதிய மறுத்தனர். போலீஸ் சுட்டது. பதினாறு பேர் மாண்டனர். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன மாயக்காளும் அவர்களுள் ஒருத்தி. உயிர் தப்பியவர்களோ விலங்கிடப்பட்டுத் திருமங்கலத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். சுட்டவர் சாட்சிகளாயினர், சுடப்பட்டவர் குற்றவாளிகளாயினர்! அந்த மக்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார் ஜோசப்; ஏடுகளில் எழுதினார். கோட்டில் ரோசாப்பூ செருகி வந்தவர் என்பர். கள்ளநாட்டு மக்கள் வாயில் அவர் 'ரோசாப்பூ துரை' ஆனார். துரை என்ற சொல்லைக் கேட்டால் நடுங்கிய கிராமங்கள், அந்தச் சொல்லை அன்போடு சொன்னது இவருக்காகத்தான்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஒத்துழையாமை வந்தது. வெள்ளையன் நீதிமன்றத்தைப் புறக்கணியுங்கள் என்றார் காந்தியார். நல்ல வருவாயுள்ள தொழிலைத் துறந்தார் ஜோசப். பெருந்தியாகம், மறுப்பாரில்லை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு. நீதிமன்றத்தைப் புறக்கணிக்கும் உரிமை யாருக்கு உண்டு? வழக்கறிஞர் கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம். கையில் விலங்கோடு கூண்டில் நிற்பவன் எதைப் புறக்கணிப்பான்? தியாகப் பட்டியல் எழுதியவர்கள் இந்தக் கணக்கை எழுதவில்லை.

அலகாபாத்தில் 'இன்டிபென்டென்ட்' ஏட்டின் ஆசிரியரானார், சிறை சென்றார், 1923இல் 'யங் இந்தியா'வை நடத்தினார். 1924இல் வைக்கத்தில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போர் மூண்டபோது அங்கே நின்றார். இது இந்துக்களின் காரியம், கிறித்தவரான நீர் ஒதுங்கியிரும் என்று எழுதினார் காந்தியார். மனிதன் தெருவில் நடப்பதற்கும் மதச்சான்று கேட்டார்கள்! அவர் ஒதுங்கவில்லை, கைதானார். தலைவர்கள் சிறைப்பட்ட அந்த வேளையில், போராட்டத்தை நடத்த வருமாறு ஈரோட்டுக்குச் சென்ற அழைப்பில் ஒப்பமிட்டவர்களுள் ஜோசப்பும் ஒருவர். பெரியார் வைக்கம் சென்ற வரலாறு இவ்வேட்டின் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பின்னர் மதுரைக்கே திரும்பி மீண்டும் வழக்காடினார். கழற்றிய அங்கியை மறுபடி அணிந்ததைக் குறை கூறுவோர் இருக்கலாம். நாம் கூற மாட்டோம். ரேகைச் சட்டம் 1924இல் மேலும் இறுக்கமாகத் தொகுக்கப்பட்டு, ஊர்களில் உயிரோடிருந்த காலம் அது. 1937இல் மத்தியச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1938 மார்ச் 5ஆம் நாள், ஐம்பதாம் வயதில், மதுரையில் மறைந்தார்.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல். நாடு முழுவதும் 1952இல். இடையில், 1948இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் என்ற புதுப்பெயரோடு இன்னொன்று சென்னையில் பிறந்துவிட்டது. அதில் பிறப்பு இல்லை. ஆனால் போலீசின் பதிவேடு இருந்தது.