புரொஃபைல் போட்டோவின் தாத்தா

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் போதும், கல்லூரிகளில் ஒரு தனிப் பரபரப்பு கிளம்பிவிடும். சட்டை ஒருவரிடம் இரவல், கோட்டு இன்னொருவரிடம் இரவல், பின்னால் வெள்ளைச் சுவர்... லிங்க்ட்இன்னுக்குப் போட ஒரு போட்டோ ரெடி! அப்புறம் முகப்பருவை அழிப்பது, கன்னத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றுவது என்று ஒரு மணி நேரம் போகும். "இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று ஒருவர் கேட்பார். "ஊரே செய்யுது, நீ மட்டும் என்ன?" என்று பதில் வரும்.

இந்த வாக்குவாதத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

பாரிஸில் ஆந்த்ரே அடோல்ஃப் யூஜின் டிஸ்டெரி என்று ஒரு போட்டோகிராபர் இருந்தார். 1854 நவம்பரில் அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். விஷயம் எளிமையானது. அதுவரை ஒரு கண்ணாடித் தகட்டில் ஒரு படம்தான் எடுப்பார்கள். இவர் பல லென்ஸ்கள் பொருத்திய கேமராவை வைத்து, ஒரே தகட்டில் எட்டுப் படம் வரை எடுத்தார். அதை ஒரே தாளில் பிரின்ட் போட்டு, கத்தரித்து, அட்டையில் ஒட்டினால் எட்டு போட்டோ. அட்டையின் அளவு சுமார் இரண்டரை அங்குலத்துக்கு நான்கு அங்குலம். விசிட்டிங் கார்டு அளவு என்பதால் 'கார்ட் த விசித்' என்று பெயர்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் இருக்கும் கணக்கு உடனே புரியும். ஒரு தகடு, ஒரு தடவை ரசாயனம், ஒரு தாள். கையில் கிடைப்பதோ எட்டு. வெட்டி ஒட்டும் வேலைக்குத் தேர்ந்த ஆள் தேவையில்லை, சம்பளமும் குறைவு. ஒரு படத்தின் அடக்கவிலை மளமளவென்று இறங்கியது. பணக்காரர்கள் மட்டும் ஓவியரிடம் உட்கார்ந்து வரைந்துகொண்ட உருவப்படம், கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் எட்டியது. 1860-ல் மேயால் என்ற போட்டோகிராபர் விக்டோரியா மகாராணி குடும்பத்தின் படங்களை இதே அளவில் விற்பனைக்கு விட்டதும், இங்கிலாந்தில் பித்தே பிடித்துவிட்டது. ஆளுக்கொரு ஆல்பம். அதில் மகாராணி ஒரு பக்கம், அத்தை பெண் எதிர்ப்பக்கம் :-)

(டிஸ்டெரி என்ன ஆனார்? எல்லோரும் அவர் முறையைக் காப்பியடித்துவிட்டார்கள். 1889-ல் ஏழையாகச் செத்தார். காப்புரிமை வாங்குவது வேறு, காசு பார்ப்பது வேறு.)

சரி, டச்சிங் விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர் 1855 பாரிஸ் கண்காட்சியில், ஒரே ஆளின் படத்தை நெகட்டிவில் திருத்தியதற்கு முன்பும் பின்பும் என்று இரண்டாக வைத்துக் காட்டினார் என்றும், கூட்டம் வாயைப் பிளந்தது என்றும் சொல்வார்கள். விரைவிலேயே ஸ்டூடியோக்களில் பென்சிலும் கையுமாக நெகட்டிவ் முன்னால் உட்கார தனி ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இதை வெறும் அழகு ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைய தகட்டில் பூசிய கொலோடியன் ரசாயனம் நீல ஒளியைத்தான் நன்றாகப் பிடிக்கும், சிவப்பு அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு. அதனால் முகத்தில் லேசாகத் தெரியும் செம்புள்ளி, படத்தில் கரும்புள்ளியாக விழும். நீலக் கண் வெளிறிப்போய்ப் பேய்க்கண் மாதிரி வரும். போதாக்குறைக்குப் பல விநாடிகள் ஆடாமல் நிற்க வேண்டும் என்று பின்னந்தலையில் இரும்புத் தாங்கி வைப்பார்கள் (சில பழைய படங்களில் காலுக்குப் பின்னால் அதன் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும்). இப்படி எடுத்த படம்தான் 'உண்மை', பென்சில் பட்டது 'பொய்' என்று எப்படிச் சொல்வது?

இப்போது லிங்கன். 1860 பிப்ரவரி 27. நியூயார்க்கில் கூப்பர் யூனியன் அரங்கில் அன்று இரவு அவர் பேச வேண்டும். கிழக்குப் பகுதி மக்களுக்கு அவர் அதிகம் பழக்கமில்லாதவர். ஆறடி நாலங்குல உயரம், கசங்கிய கோட்டு, நீளக் கழுத்து. பகலில் மாத்யூ பிராடியின் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார்கள். பிராடி ஒரு கையைப் புத்தகத்தின் மேல் வைக்கச் சொல்லி நிற்க வைத்தார், சட்டைக் காலரை மேலே இழுத்துவிடச் சொன்னார். கழுத்தைக் குட்டையாக்கப் பார்க்கிறீர்கள் என்று லிங்கன் கண்டுபிடித்துச் சொன்னதாகப் பிராடியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தப் படம் செய்த வேலை கொஞ்சநஞ்சமல்ல. வேட்பாளர் தானே ஊர் ஊராகப் போய் ஓட்டு கேட்பது அக்கால அமெரிக்காவில் வழக்கமில்லை. மே மாதம் வேட்பாளரான லிங்கன் நவம்பர் வரை ஸ்பிரிங்ஃபீல்டிலேயே இருந்தார். ஊர் சுற்றியது படம்தான். கார்டாக, பத்திரிகையில் மரச்செதுக்குப் படமாக, போஸ்டராக.

அந்த அக்டோபரில் வெஸ்ட்ஃபீல்ட் என்ற ஊரிலிருந்து கிரேஸ் பெடெல் என்ற 11 வயதுச் சிறுமி லிங்கனுக்குக் கடிதம் போட்டாள். உங்கள் முகம் ஒல்லி, தாடி வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை. ஜெயித்த பிறகு லிங்கன் நிஜமாகவே தாடி வளர்த்தார். மாட்டிக்கொண்டவர்கள் படம் விற்பவர்கள். தாடியில்லாத பழைய படங்கள் கையிலிருக்க, அவற்றின் மேலேயே தாடியை வரைந்து விற்றார்கள். சிலர் தாடியின் வடிவத்தைக்கூட ஊகித்துத்தான் வரைந்தார்கள்!

வியாபாரம் இவ்வளவு பெருத்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா? உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை அமெரிக்காவில் போட்டோவுக்கும் வரி. 25 சென்ட் வரை விலையுள்ள படத்துக்கு 2 சென்ட் ஸ்டாம்ப் பின்புறம் ஒட்ட வேண்டும்.

ஆனால் இந்தக் கார்டை எல்லோரையும்விடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. 1797 வாக்கில் நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1843-ல் சோஜர்னர் ட்ரூத் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாது. வருமானத்துக்கு வழி? தன் படத்தைக் கார்டாகப் போட்டு விற்றார்.

அந்தப் படங்களைக் கவனித்துப் பாருங்கள். வெள்ளைத் தொப்பி, தோளில் சால்வை, கண்ணாடி, கையில் பின்னல் நூல், மேஜையில் பூ. கந்தலோ சங்கிலியோ எதுவும் கிடையாது. எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்திருக்கிறார். கீழே, நிழலை விற்று நிஜத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக ஒரு வரி. போட்டோவை 'நிழல்' என்று சொல்வது அன்றைய வழக்கு. தன் உடலையே அடுத்தவர் விலைபேசி விற்றதைச் சிறுவயதில் பார்த்தவர், இப்போது தன் நிழலைத் தானே விற்கிறார்.

மற்றவர்களின் கார்டைத் திருப்பினால் பெரும்பாலும் ஸ்டூடியோவின் பெயர் இருக்கும். இவருடைய 1864-ம் வருடக் கார்டைத் திருப்பினால் பதிப்புரிமைக் குறிப்பு இருக்கும், எஸ்.டி. என்ற அவருடைய முதலெழுத்துகளோடு. போட்டோக்களையும் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கொண்டு வந்தது 1865 மார்ச்சில்தான்.