வறியவர்க்கென்று ஒரு சட்டம்

தொழுநோயை முற்பிறவி வினையின் பயனென்று நம் முன்னோர் எண்ணினர். 1873 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தபோது அவ்வெண்ணம் தகர்ந்திருத்தல் வேண்டும். ஆனால், வினையென்ற பேச்சு ஓயுமுன்னரே தொற்றென்ற அச்சம் அதனோடு வந்து சேர்ந்துகொண்டது. இந்த அச்சத்தை ஆட்சியாளர் யார் தலையில் இறக்கினர் என்பதை அறிய, பிரித்தானிய இந்தியாவின் 1898 ஆம் ஆண்டுத் தொழுநோயாளர் சட்டத்தை நாம் புரட்டிப் பார்த்தல் தகும்.

ஹவாய்த் தீவுகளில் நோயாளரிடையே பணிபுரிந்த தமியன் அடிகளார் 1889இல் அந்நோயினாலேயே மாண்டார். பிரித்தானியாவில் பீதி பரவிற்று. நிதி திரட்டப்பட்டது; 1890இல் ஆணைக்குழுவொன்று இந்தியாவுக்கு வந்து ஆராய்ந்தது. நோய் பரம்பரையாக வருவதன்று, தொற்றும் அபாயமும் மிகச் சிறிதே, ஆதலின் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க வேண்டுவதில்லை என அக்குழு முடிவு கூறிற்று. நகரங்களிற் பிச்சையெடுப்பதையும் சில தொழில்களையும் தடுக்கலாம் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. அரசாங்கத்தின் செவியில் ஏறியது இப்பிற்பகுதியே.

சட்டத்தின் வாசகம் ஊன்றி நோக்கத்தக்கது. அது பிடித்து அடைக்கச் சொன்னது ‘வறிய தொழுநோயாளரை’ மாத்திரமே. பொதுவிடத்திற் பிச்சை கேட்போரும், பிழைப்புக்கு வழியின்றித் திரிவோருமே அவர். இத்தகையோரைப் பொலிசார் பிடியாணையின்றியே கைது செய்யலாம். வசதியுள்ள வீட்டு நோயாளியை அடைக்குமாறு சட்டம் கூறவில்லை. கிருமிக்கு ஏழை, பணக்காரன் என்ற பேதம் தெரியுமா? சட்டத்துக்குத் தெரிந்திருந்தது! அடைபடாத நோயாளரும் விற்பனைக்கு உணவு சமைத்தல், பொதுக்கிணற்றில் நீராடல், வாடகை வண்டி ஓட்டல் முதலியவற்றில் ஈடுபடாதவாறு தடுக்க அதில் இடமிருந்தது. தொழிலை இழந்தவன் பிச்சைக்கு இறங்குவான். இறங்கினால் ‘வறிய தொழுநோயாளன்’ ஆவான். எவ்வளவு வசதியான ஏற்பாடு!

நமது இலங்கையிலும் 1901இல் தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் வந்தது. அடைப்பதற்கு இடந்தேட வேண்டியிருக்கவில்லை. ஒல்லாந்தர் 1708இல் கட்டிய ஹெந்தளை வைத்தியசாலை ஏற்கெனவே இருந்தது.

1940களில் மருந்து கிடைத்தது. செங்கற்பட்டில் வைத்தியர் ரொபேட் கொக்ரேன் சல்போன் மருந்துகளைக் கையாண்டார். அவ்வகையைச் சேர்ந்த டப்சோன் மலிவானது. நோயாளி தன் வீட்டிலிருந்தே உண்ணக்கூடியது. மதில்களுக்கு இனித் தேவையிருக்கவில்லை. 1955இல் இந்திய அரசு தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. உணர்ச்சியற்ற தேமலைத் தேடி ஊழியர் வீடுவீடாகச் சென்றனர். ஒற்றை மருந்துக்குக் கிருமி பணிய மறுத்தபோது, 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையை விதந்துரைத்தது. 10,000 பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை இந்தியா 2005 இறுதியில் எட்டியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளரிற் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் அந்நாட்டினரே.

1898 ஆம் ஆண்டுச் சட்டமோ 2016இலேதான் நீக்கப்பட்டது. அதனை அந்நியர் இயற்றினர் என்று நாம் அமைதி கொள்ளவும் இயலாது. ஊழியர் மருந்தோடு புறப்பட்ட அதே 1955இல், சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றம் இந்து விவாகச் சட்டத்தை நிறைவேற்றியது. ‘தீராத’ தொழுநோய் அதில் மணமுறிவுக்கு ஒரு காரணமாயிற்று. அவ்விதி அகன்றது 2019இல்.