மாத்திரையும் ஆற்றுத் தண்ணீரும்
1948-இல் கோலாலம்பூரில் டைபாய்டு நோயாளிகளுக்குக் குளோரம்பெனிக்கால் கொடுத்தபோது, வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல் சில நாளிலேயே இறங்கியது. பத்தில் ஒருவரையாவது கொண்டுபோன நோய்க்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு அதை முழு வெற்றியாக எழுத முடியாது. பாபநாசத்தில் தெளிவாக இறங்கும் ஆறு அம்பாசமுத்திரம், நெல்லை, ஸ்ரீவைகுண்டம் என்று ஊர்களைக் கடந்து போகிறது. மேலூரின் கழிவு கீழூரின் குடத்துக்கு வரும் வழியும் அதுவே. மருந்து நோயாளியின் உடம்பிலுள்ள கிருமியை அடக்கும், ஆற்றிலுள்ளதைத் தொடாது. போதாததற்கு, குணமானவர்களில் சிலர் பித்தப்பையில் கிருமியைச் சுமந்தபடியே நடமாடுகிறார்கள்.

உயிர் போகிற நேரத்தில் சாக்கடையைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படுக்கையில் கிடப்பவருக்கு மருந்துதான் வேண்டும்; குறை, அதை மட்டுமே நம்பியதில். 1908-இல் ஜெர்சி நகரம் குடிநீரில் குளோரின் கலக்கத் தொடங்கியது. வடிகட்டலும் குளோரினும் பரவிய அமெரிக்க நகரங்களில், இந்த மருந்து பிறக்கும் முன்பே டைபாய்டுச் சாவு அருகிவிட்டது. நாமோ மருந்தை முன்னால் அனுப்பினோம். மலைக்கு அந்தப் பக்கம், கோழிக்கோட்டில், 1972-இல் குளோரம்பெனிக்காலுக்கு மசியாத டைபாய்டு பரவியது. அந்த எதிர்ப்புத்திறன் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறக்கூடியது என்றும் தெரிந்தது. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது, அதுவும் மழுங்கியது. இப்போது அசித்ரோமைசின் எழுதிக் கொடுக்கிறார்கள்.