சதுரகிரி வழியும் அதன் பெயர்களும்

விருதுநகர், சிவகாசிப் பகுதியின் வானம்பார்த்த கரிசல் நிலத்தினின்று மேற்கே நோக்குவார்க்கு நீல நெடுஞ்சுவர்போலத் தோன்றுவது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன்கண், வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியே ஏறுதற்குரிய சதுரகிரியிற் சுந்தரமகாலிங்கப் பெருமான் எழுந்தருளியிருக்கின்றார். நான்மறையும் நாற்றிசையினும் மலைகளாய் நிற்றலின் இப்பெயர் எய்திற்றென்பது தலபுராண வழக்கு.

இத்தலத்திற்கு மூவர் அருளிய தேவாரப் பதிகம் கிடைத்திலது. ஆகலின் இதன் பழமையை எவ்வாற்றான் அறிதுமென வினவுவார் உளர். புராணம் ஒன்றே கொண்டு காலத்தை வரையறுத்தல் இயலாது. புராணத்தை வெறுங்கதையென ஒதுக்குதலும் ஆராய்ச்சியாகாது. ஈண்டு யாம் காட்ட விழையும் சான்று வேறொன்று. அஃது ஏறுவழியிலுள்ள இடப்பெயர்களேயாம்.

பச்சைமால் என்னும் ஆயன், தன் பசுவின் மடியிற் பாலுண்ட துறவியைக் கோலால் அடித்தனன் என்றும், அவரே சிவபெருமானாதல் கண்டு வருந்தினன் என்றும் புராணம் கூறும். இலிங்கத் திருமேனி சற்றே சாய்ந்திருத்தற்கு இதனையே காரணமாகக் கூறுவர். வழியிலோ காராம்பசுத் தடம் என ஓரிடம் உண்டு. சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை என வேறு இரண்டிடங்களும் உள. கிடையென்பது கால்நடை தங்குமிடம். ஆகவே இவ்வழி முற்காலத்து ஆயர் ஆனிரை ஓட்டிச் சென்ற வழியாதல் கூடும். ஆண்டினை அறிவியாவிடினும், இப்பெயர்கள் அங்கு வாழ்ந்தார் தொழிலை அறிவிக்கின்றன. கோரக்கர் குகையென்னும் பெயரோ சித்தர் மரபின் தொடர்பினைக் காட்டும்.

இனி, குதிரை ஊற்று, நாவல் ஊற்று என்பன நீருள்ள இடம் இதுவெனப் பின்வருவார்க்கு உணர்த்துவன. வழுக்கல் பாறை என்பதோ பெயரன்று, எச்சரிக்கை. முன் நடந்தார் பின் நடப்பார்க்கு எழுதிவைத்த கல்வெட்டுக்கள் இவையென்க.

இளமையில் எம் ஆசிரியரோடு இம்மலை ஏறியபொழுது, அவர் ஒவ்வோரிடத்தும் நின்று பெயர் சொல்லிய பின்னரே எம்மை நடத்திச் செல்வார். அஃது அன்று எமக்குச் சலிப்பாயிருந்தது. 2015-ஆம் ஆண்டு மே மாதம், அமாவாசையை ஒட்டித் திரளாகச் சென்றிருந்த அடியாருட் சிலர் காட்டாற்றின் திடீர் வெள்ளத்தில் உயிர்துறந்த செய்தி கேட்டபோதே அவர் கருத்து எமக்கு விளங்கிற்று. மலைமேற் பெய்த மழை கீழ்நிற்பார்க்குத் தெரியாது. ஓடை பெருகிய பின்னரே தெரியும்.

அதன்பின் வனத்துறையினர் மலையேறும் நாள்களை வரையறுத்தனர். இக்காடு 1988-இல் சாம்பல்நிற அணிற் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் ஆயிற்று. இவ்வரையறைகளை வழிபாட்டிற்கு இடையூறெனக் கருதுவார் உளர். மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றனையும் ஒருங்கு போற்றுதல் நம் மரபு. மூர்த்தியை வணங்கச் செல்வார், தலமாகிய காட்டையும் தீர்த்தமாகிய ஓடையையும் பொருட்படுத்தாது செல்லுதல் வழிபாட்டிற் குறையேயாம்.

ஆகலின், சதுரகிரி ஏறும் அன்பர்கள் அவ்வழியின் பெயர்களை முதியோர்பாற் கேட்டறிந்து, தம் மக்களுக்குஞ் சொல்லி நடப்பாராக. பெயர் மறந்தவழி வரலாறும் மறையும், காலும் வழுக்கும்.