சிலைக்கும் உண்டு ஜாதகம்!

கலை வரலாற்று ஆராய்ச்சி என்றதும் நம் மனதில் என்ன காட்சி வருகிறது? தோளில் ஜோல்னாப் பை, கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒரு பேராசிரியர்! உண்மையில் பாதி வேலை நடப்பது, ஃபேன் கிறீச்சிடும் நூலக அறைகளில்தான். அங்கே தூசி தட்டி எடுக்கிற ஒரு பழைய போட்டோ என்ன செய்துவிடும் என்கிறீர்களா? வெளிநாட்டுப் பிரதமர் ஒருவரையே சிலையோடு டெல்லிக்கு வரவழைக்கும்!

கதை விருத்தாசலத்தில் ஆரம்பிக்கிறது. விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவர் மாடத்தில் நின்றிருந்தார் அர்த்தநாரீஸ்வரர். பாதி சிவன், பாதி பார்வதி. சோழர் காலத்துக் கல் சிற்பம். 2004-ல் சிட்னியில் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம், மூன்று லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கொடுத்து அதை வாங்கியது. விற்றவர், நியூயார்க்கில் கலைப்பொருள் கடை நடத்திய சுபாஷ் கபூர்.

"திருட்டுப் பொருள் இல்லையே?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே... அதற்காக ஒரு ரசீது. 1970-லேயே டெல்லியில் ஒரு கடையில் வாங்கியது என்று அதில் இருந்தது. ஏன் குறிப்பாக 1970? கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த ஆண்டு அது. பல அருங்காட்சியகங்கள் அதைத்தான் எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் பிரச்னை குறைவு!

இங்கேதான் பாண்டிச்சேரி கதைக்குள் வருகிறது. 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கேமராவோடு ஆட்களை ஊர் ஊராக அனுப்பியது. திருடனைப் பிடிக்க அல்ல. எந்தச் சாமி எந்தக் கோயிலில் எப்படி இருக்கிறது என்று படிக்க. அப்படிச் சேர்ந்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதில் 1974-ல் எடுத்த ஒரு படம்... விருத்தாசலத்து மாடத்தில் அதே அர்த்தநாரீஸ்வரர், சௌகரியமாக நின்றுகொண்டிருக்கிறார்!

1970-ல் டெல்லியில் விற்ற சிலை, 1974-ல் கோயிலில் எப்படி இருக்கும்? ரசீதின் கதை அங்கேயே முடிந்தது. 2013-ல் விஷயம் வெளியே வந்தது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட், அர்த்தநாரீஸ்வரரையும், கான்பெராவின் தேசிய கலைக்கூடம் வாங்கியிருந்த ஸ்ரீபுரந்தான் நடராஜரையும் டெல்லியில் ஒப்படைத்தார். கபூருக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம், உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் 10 ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

சரி, இப்படிப்பட்ட படத்தை எப்படித் தேடுவது? சாமி பெயரை வைத்துத் தேடினால் நூறு அர்த்தநாரீஸ்வரர் வருவார்கள். ஊர்ப் பெயரில் தேட வேண்டும். அதிலும் ஒரு ஊருக்குப் பல பெயர்! விருத்தாசலத்துக்கே திருமுதுகுன்றம், பழமலை என்று வேறு பெயர்கள் உண்டு. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கணும். கோயிலை யார் கட்டினார்கள், யார் நிலம் கொடுத்தார்கள் என்பதைக் கல்வெட்டுத் தொகுதிகள் சொல்லும். முதல் தொகுதி 1890-லேயே வந்துவிட்டது. ஆனால், சிலையின் முகத்தைச் சொல்ல போட்டோதான் வேண்டும். எந்த ஊர், எந்தச் சுவர், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாத போட்டோ வெறும் அழகான படம். குறிப்பு இருந்தால் அதுவே ஜாதகம்!

ஜாதகம் இல்லாத சிலை என்ன பாடுபடும் என்பதற்குப் பத்தூர் நடராஜர் சாட்சி. 1976-ல் மண்ணுக்கடியில் கிடைத்து, லண்டன் வரை போனவர். புதைந்து கிடந்தவருக்கு ஏது போட்டோ? ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும் ஆராய்ந்து, லண்டன் நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வாதாடி, 1991-ல்தான் மீட்க முடிந்தது.

இன்று நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. சொந்த ஊர் பழைய கோயிலுக்குப் போகும்போது, அனுமதி கேட்டு, சுவரில் இருக்கும் சிற்பங்களைப் படம் எடுங்கள். ஊர், இடம், தேதி மூன்றையும் எழுதி, பக்கத்து நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். பாண்டிச்சேரிக்காரர்கள் செய்ததும் அதுதானே?