'யூ' திருப்பத்தில் மோதினால் குற்றம் யாருடையது?

"திரும்பியவன் மேல்தான் குற்றம்." சாலை விபத்து பற்றிப் பேச்சு வந்தால் காப்பிக் கடையில் உடனே கிடைக்கும் தீர்ப்பு இது. "பின்னால் வந்து இடித்தவன்தான் பணம் கொடுக்க வேண்டும்" என்று பக்கத்து மேசையிலிருந்து மறுதீர்ப்பு வரும். இரண்டுமே சட்டம் அல்ல. குற்றத்தைப் பங்கு போட்டுப் பார்க்கச் சட்டம் கற்றுக்கொண்டதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

கம்பும் கழுதையும்

நம் நாட்டு விபத்துச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1809இல் அங்கே வீட்டைப் பழுதுபார்த்த ஒருவர் சாலையின் ஒரு பகுதியில் குறுக்கே கம்பு ஒன்றை வைத்திருந்தார். குதிரையில் வேகமாக வந்தவர் அதில் மோதி விழுந்து காயமடைந்தார். 'கவனமாக வந்திருந்தால் கம்பு கண்ணில் பட்டிருக்கும்' என்றது நீதிமன்றம். கம்பு வைத்தவரின் தவறு தெளிவாக இருந்தும், விழுந்தவருக்கு ஒரு காசு கூடக் கிடைக்கவில்லை.

1842இல் இன்னொரு வழக்கு. முன்னங்கால்கள் கட்டப்பட்டுச் சாலையில் விடப்பட்ட கழுதையின் மேல் வேகமாக வந்த வண்டி ஏறியது. இம்முறை கழுதையின் சொந்தக்காரர் வென்றார். மோதலைத் தவிர்க்கும் கடைசி வாய்ப்பு வண்டிக்காரரிடம் இருந்தது என்பதே காரணம். ஆக, கிடைத்தால் முழுவதும் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. நடுவழி கிடையாது.

இந்த நிலையை இங்கிலாந்து 1945இல் மாற்றியது. மலாயாவில் 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆவது பிரிவு அதே வழியைக் காட்டியது. பாதிக்கப்பட்டவர் பக்கமும் தவறு இருந்தால் வழக்கு தள்ளுபடியாகாது. அவருடைய பங்கு அளவுக்கு இழப்பீடு குறையும். உதாரணத்துக்கு, இழப்பு ஒரு லட்சம் வெள்ளி, அவர் பங்கு 30 விழுக்காடு என்றால் கிடைப்பது 70,000 வெள்ளி.

திருப்பத்தின் ஆபத்து

தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வையும் கலந்து உருவான பழைய மலாயா நெடுஞ்சாலைகளில் நடுத்தடுப்பு இல்லை. நினைத்த இடத்தில் திரும்பலாம். பின்னர் ஸ்கூடாய், தெப்ராவ் போன்ற சாலைகள் அகலமாகி, நடுவே தடுப்பு எழுந்தது. திரும்ப வேண்டியவர்கள் 'யூ' திருப்பத்தைத் தேட வேண்டியதாயிற்று.

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஆகவே 'யூ' திருப்பம் வலப்பக்கம், அதாவது வேகத் தடத்தில் இருக்கிறது. எல்லோரும் விரைகிற தடத்தில் ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார். திரும்பியதும் எதிர்ப்பக்கத்தின் வேகத் தடத்திலேயே போய் நுழைகிறார். நீண்ட லோரி என்றால் ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் இரண்டு தடங்களை அடைத்து நிற்கும். வந்து மோதுகிறவர் மோட்டார் சைக்கிள்காரராக இருந்தால் கேட்கவே வேண்டாம். நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்களுடையவை.

திரும்புகிறவர் எதிரே வருகிறவருக்கு வழிவிட வேண்டும். அதனால் பெரும்பங்கு அவர் மேல் விழுவது இயல்பு. ஆனால் நேரே வந்தவர் விளக்கில்லாமல் வந்தாரா, அளவுக்கு மீறிய வேகமா, அவருக்குப் பிரேக் பிடிக்க நேரம் இருந்ததா என்பதையும் நீதிமன்றம் எடைபோடும்.

இரண்டு தனிப் பாதைகள்

1988இல் நடப்புக்கு வந்த 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் தண்டனைக்கானது. திரும்பக்கூடாது என்ற பலகையை மீறினால் 79ஆவது பிரிவு, கவனக்குறைவுக்கு 43, ஆபத்தாக ஓட்டினால் 42, அதனால் உயிர் போனால் 41. இந்த வழக்குகளில் குற்றத்தைச் சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டும். இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கு வேறு. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே அங்கே போதும்.

தண்டனை வழக்கு எவ்வளவு சிக்கலானது என்பதை ஜொகூர் பாருவே கண்டது. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், ஜாலான் லிங்காரான் டாலாமில், மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் சென்ற பதின்ம வயதினர் எட்டு பேர் கார் மோதி இறந்தனர். காரோட்டிய இளம்பெண் மீது 41ஆவது பிரிவின் கீழ் வழக்கு. மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019இலும் 2021இலும் அவரை விடுவித்தது. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் ஆறாண்டு சிறையும் 6,000 வெள்ளி அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஒரே குற்றச்சாட்டில் இரண்டு குற்றங்களைச் சேர்த்திருந்ததே குறையாகிப் போனது. எட்டுக் குடும்பங்களும் ஒரு பெண்ணும் ஆறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

குடும்பம் அறிய வேண்டியது

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது 52ஆவது பிரிவு. காயமடைந்தவர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட ஆறு ஆண்டுகள் உண்டு. இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்துக்கோ மூன்றே ஆண்டுகள்தான். தகுதியுள்ள குடும்பத்தாருக்கான துயர இழப்பீடு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாக உயர்ந்தது.

'நம் பையன் மேலும் தப்பு இருக்கிறதே' என்று தலைகுனிந்து, புகாரும் செய்யாமல் ஒதுங்கிவிடும் குடும்பங்கள் இன்னும் உண்டு. 1809இல் அந்தத் தயக்கத்துக்கு அர்த்தம் இருந்தது. 1956க்குப் பிறகு இல்லை. பாதித் தவறு இருந்தாலும் மீதிப் பாதிக்கு உரிமை உண்டு. அதைக் கேட்கச் சாட்சியும், படமும், தேதியும் கையில் இருக்க வேண்டும்.