சம்பளமில்லாக் கட்டாய விடுப்பும் தலைமை நிர்வாகிகளின் ஊதியமும்: அமெரிக்கப் பெருநிறுவனங்களில் ஒரு மனக்குறையின் வரலாறு, 1930–2024

வருவாய் சரியும்போது அமெரிக்கப் பெருநிறுவனங்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, ஊழியரை வேலையை விட்டு நீக்காமல் சில நாள்களுக்கோ சில மாதங்களுக்கோ சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்புவது. அங்கு இது ‘ஃபர்லோ’ எனப்படுகிறது. ஊழியரின் பெயர் நிறுவனத்தின் பட்டியலில் நீடிக்கும். பல இடங்களில் மருத்துவக் காப்பீடும் தொடரும். சம்பளம் மட்டும் நின்றுவிடும். வேலை முற்றாகப் பறிபோவதைவிட இது மேல் என்று பெரும்பாலான ஊழியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அதே ஆண்டில் தலைமை நிர்வாகிக்கு வழங்கப்பட்ட தொகை வெளியே தெரியவரும்போதுதான் அந்த ஏற்பு மனக்கசப்பாக மாறுகிறது. தொழில் நலிவின் சுமை யார்மீது விழுகிறது என்பதே இந்தக் கசப்பின் மையம். கடந்த நூறாண்டுகளில் அது எப்படி வளர்ந்தது, எப்போது பலன் தந்தது, எப்போது பலனின்றிப் போனது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெருமந்தக் காலம்

1929இல் தொடங்கிய பெருமந்தத்தின்போது, இருக்கும் வேலையைப் பலருக்கும் பகிர்ந்து கொடுப்பது அமெரிக்கத் தொழில்துறையில் பரவலான வழக்கமாயிற்று. யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தில் 1929இல் ஏறத்தாழ 2,25,000 முழுநேரத் தொழிலாளர்கள் இருந்தனர். 1933 ஏப்ரலில் அங்கு முழுநேரத் தொழிலாளர் ஒருவர்கூட இல்லை. எஞ்சியவர்கள் அனைவரும் குறைந்த நாள்களே வேலை செய்தனர். 1932இல் அதிபர் ஹூவர் அரசின் ஆதரவுடன் தொடங்கிய ‘வேலையைப் பகிர்வோம்’ இயக்கத்துக்கு நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் தலைவர் வால்டர் டீகிள் தலைமை ஏற்றார். பகிரப்பட்டது வேலை மட்டுமன்று, கூலியும்தான். பங்குதாரர்களும் அதிகாரிகளும் விட்டுக்கொடுக்காமல் தொழிலாளர்கள் தங்களுக்குள்ளேயே வறுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது என்று விமர்சகர்கள் கண்டித்தனர்.

இதே காலத்தில்தான் உயர் அதிகாரிகளின் வருமானம் பரவலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பெத்லகேம் ஸ்டீல் நிறுவனத்தின் தலைவர் யூஜின் கிரேஸின் ஆண்டுச் சம்பளம் 12,000 டாலர். 1929இல் அவர் பெற்ற போனஸோ 16 லட்சம் டாலருக்கும் மேல். நிறுவன இணைப்பு ஒன்றை எதிர்த்து 1930இல் நடந்த வழக்கில் இந்த விவரம் அம்பலமாயிற்று. அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் போனஸ் ஏற்பாட்டை ஒரு பங்குதாரர் எதிர்த்த வழக்கு 1933இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பங்குச்சந்தையில் பதிவுபெற்ற நிறுவனங்கள் உயர் அதிகாரிகளின் ஊதியத்தை வெளியிட வேண்டும் என்ற கடமைக்கு 1934ஆம் ஆண்டின் பங்குப் பரிவர்த்தனைச் சட்டம் வழிவகுத்தது. பிற்காலத்து மனக்குறைகள் அனைத்துக்கும் சான்றாக நின்ற ஆவணங்கள் இந்தச் சட்டத்தின் வழியாகவே கிடைத்தன.

தொழிற்சங்கப் பேரத்தின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், வேலையில்லாத வாரங்களின் சுமையை நிறுவனங்களும் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் முன்வைத்தன. வால்டர் ராய்தர் தலைமையிலான வாகனத் தொழிலாளர் சங்கம் 1955இல் ஃபோர்டு நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்தது. ஆலை நிறுத்தத்தால் வேலையின்றி இருக்கும் தொழிலாளருக்கு, அரசு தரும் வேலையின்மைப் படியோடு நிறுவனத்தின் நிதியிலிருந்தும் ஒரு தொகை சேர்த்துத் தரப்பட்டது. 1967 ஒப்பந்தத்தின்படி இந்த இரண்டும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழ 95 சதவீதத்தை எட்டின. தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பினாலும் அதற்கான செலவிலிருந்து நிறுவனம் தப்ப முடியாத நிலை உருவானது.

நிர்வாகிகளின் ஊதியமும் அக்காலத்தில் அளவு மீறவில்லை. பொருளாதாரக் கொள்கை நிறுவனத்தின் கணக்கீட்டில், பெரிய நிறுவனங்களின் தலைமை நிர்வாகி 1965இல் சாதாரணத் தொழிலாளரைப் போல் சுமார் 21 மடங்கு ஊதியம் பெற்றார். இந்த விகிதம் 1989இல் 61 ஆகவும் 2020இல் 351 ஆகவும் உயர்ந்தது.

‘சமமான தியாகம்’: 1979–1986

கிரைஸ்லர் நிறுவனம் 1979இல் திவாலின் விளிம்புக்கு வந்தபோது, ‘சமமான தியாகம்’ என்ற கோட்பாட்டை வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் டக்ளஸ் ஃபிரேசர் வலியுறுத்தினார். தொழிலாளர்கள் கூலியைக் குறைத்துக்கொண்டனர். நிறுவனத் தலைவர் லீ அயக்கோக்கா தம் சம்பளத்தை ஆண்டுக்கு 1 டாலராகக் குறைத்துக்கொண்டார். அடையாள அளவிலான செயல் என்றாலும் தொழிலாளர்களிடம் அது மதிப்பைப் பெற்றது. நிறுவனம் மீண்ட பிறகு, 1986இல் அவருக்குக் கிடைத்த மொத்தத் தொகை 2 கோடி டாலரைத் தாண்டியது. தியாகத்தைச் சமமாகச் செய்தவர்களுக்கு மீட்சியின் பலன் சமமாகச் சேரவில்லை.

1982இல் ஜெனரல் மோட்டார்ஸில் நடந்தது இன்னும் கூர்மையானது. பெரும் விட்டுக்கொடுப்புகள் அடங்கிய ஒப்பந்தத்தில் தொழிற்சங்கம் கையெழுத்திட்ட அதே வேளையில், அதிகாரிகள் போனஸ் பெறுவதை எளிதாக்கும் புதிய திட்டம் பங்குதாரர்களுக்கான அறிக்கையில் வெளியாயிற்று. தொழிலாளர்களின் சீற்றத்துக்குப் பணிந்து நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆவணம் வழியே தெரியவந்த தகவலும், அதைப் பயன்படுத்தும் வலிமை கொண்ட சங்கமும் ஒருசேர அமைந்ததால் கிட்டிய வெற்றி இது.

ஊதியத்தின் வடிவம் மாறியது

1990களில் நிர்வாகிகளின் ஊதியத்தைக் கட்டுப்படுத்த எடுத்த முயற்சிகளே அதன் வடிவத்தை மாற்றின. 1992இல் பங்குச்சந்தை ஒழுங்காற்று ஆணையம் விரிவான ஊதிய அட்டவணையைக் கட்டாயமாக்கியது. 1993இல் வந்த வரிச்சட்டத் திருத்தம், உயர் அதிகாரி ஒருவருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் தரும் ஊதியத்தைச் செலவாகக் காட்டி நிறுவனங்கள் வரிக்கழிவு பெறுவதைத் தடுத்தது. ஆனால், ‘செயல்திறன் சார்ந்த’ ஊதியத்துக்கு அதில் விலக்கு இருந்தது. பங்கு ஆப்ஷன்களும் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) பங்கு வெகுமதிகளும் இந்த விலக்கின் வழியே பெருகின. 2017இல் விலக்கு நீக்கப்பட்டபோது அந்த அமைப்பு ஆழமாக வேரூன்றியிருந்தது.

இதன் விளைவாக, தலைமை நிர்வாகியின் ‘சம்பளம்’ என்பது அவர் பெறும் மொத்தத்தில் சிறு பகுதியாகச் சுருங்கியது. கடினமான காலத்தில் சம்பளத்தைத் துறப்பதாக ஒரு நிர்வாகி அறிவிக்கும்போது அவர் விட்டுக்கொடுப்பது இந்தச் சிறு பகுதியையே. ஊழியர் ஒரு வாரச் சம்பளத்தை இழக்கும்போதோ அந்த வாரத்து வருமானம் முழுவதையும் இழக்கிறார். இரண்டும் ஒரே பெயரில் ‘தியாகம்’ என அறிவிக்கப்படுவதே பிற்காலத்து மனக்கசப்பின் முதன்மைக் காரணம்.

விமான நிறுவனங்கள், 2001–2003

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கன், யுனைடெட் ஆகிய இரு விமான நிறுவனங்களும் தலா 20,000 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தன. விமானத் துறையில் ஃபர்லோ என்பது கால வரம்பற்றது. பணிமூப்பு வரிசையில் மீண்டும் அழைக்கப்படும் உரிமை மட்டுமே ஊழியருக்கு உண்டு. அந்த அழைப்புக்குப் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

2003 ஏப்ரலில் திவாலைத் தவிர்க்க அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர்களிடம் ஆண்டுக்கு 180 கோடி டாலர் அளவுக்குச் செலவுக் குறைப்பைக் கேட்டது. மூன்று சங்கங்களின் உறுப்பினர்களும் வாக்களித்து இணங்கினர். வாக்களிப்பு முடியும் தறுவாயில் நிறுவனம் தாக்கல் செய்த ஆண்டறிக்கை இரண்டு செய்திகளை வெளிப்படுத்தியது. உயர் அதிகாரிகள் சிலர் 2005 தொடக்கம் வரை பதவியில் நீடித்தால் அவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தைப் போல் இரு மடங்கு போனஸ் கிடைக்கும். 45 அதிகாரிகளின் ஓய்வூதியத்தைத் திவாலிலிருந்து காக்க 4.1 கோடி டாலர் தனி அறக்கட்டளையில் ஒதுக்கப்பட்டிருந்தது. போனஸ் திட்டம் கைவிடப்பட்டது. தலைவர் டொனால்டு கார்ட்டி ஏப்ரல் 24 அன்று பதவி விலகினார். ஊழியர்களைப் புண்படுத்தியது தொகையின் அளவைவிட, அது மறைக்கப்பட்டிருந்த நேரம். ஒரு தரப்பு தன் ஓய்வுக்காலத்தையே பணயம் வைத்தபோது மறுதரப்பு தனக்கு மட்டும் பாதுகாப்பைத் தேடிக்கொண்டது.

அலுவலக ஊழியர்களுக்கு வந்த விடுப்பு, 2009

2008 நிதி நெருக்கடிக்குப் பின் கட்டாய விடுப்பு ஆலைகளைக் கடந்து அலுவலகங்களுக்கும் பரவியது. அதன் வடிவத்தை இரண்டு சட்டங்கள் தீர்மானித்தன. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் தரங்கள் சட்டத்தின்படி, மிகைநேர ஊதியத்துக்கு உரிமையில்லாத மாதச் சம்பள ஊழியர் ஒரு வாரத்தில் சிறிதளவு வேலை செய்தாலும் அந்த வாரத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும். ஆகவே விடுப்பு முழு வாரங்களாகவே தரப்பட்டது; விடுப்பில் இருப்பவர் மின்னஞ்சலைப் பார்ப்பதுகூடத் தடைசெய்யப்பட்டது. 1988ஆம் ஆண்டின் முன்னறிவிப்புச் சட்டம், பெருமளவு பணிநீக்கத்துக்கு 60 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. ஆறு மாதத்துக்கு மேற்படாத தற்காலிக நிறுத்தம் பொதுவாக அதன் வரம்பில் வராது. குறுகிய கட்டாய விடுப்பு நிறுவனங்களுக்கு எளிய கருவியாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2009 ஜனவரியில், அமெரிக்காவின் மிகப்பெரிய செய்தித்தாள் நிறுவனமான கேனட், பெரும்பாலான ஊழியர்களை ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. தலைவர் கிரெய்க் டூபோவும் அந்த விடுப்பை எடுத்துக்கொண்டார். விடுப்பு அதன் பிறகும் மீண்டும் மீண்டும் விதிக்கப்பட்டது, ஆள்குறைப்பும் நிற்கவில்லை. டூபோவின் தலைமைக் காலத்தில் ஊழியர் எண்ணிக்கை சுமார் 52,000இலிருந்து 32,000ஆகக் குறைந்தது. உடல்நலக் காரணத்தால் 2011 அக்டோபரில் பதவி விலகிய அவருக்குச் சேர்ந்த ஓய்வூதியமும் பிற பயன்களும் சுமார் 3.7 கோடி டாலர். இதற்கு மாறான போக்கை ஹனிவெல் நிறுவனத்தில் காணலாம். ஆள்குறைப்பைத் தவிர்க்கக் கட்டாய விடுப்பைத் தேர்ந்தெடுத்த அதன் தலைவர் டேவிட் கோட் 2009க்கான போனஸைத் துறந்தார். அங்கும் விடுப்புச் சுற்றுகள் தொடரத் தொடர ஊழியர்களின் பொறுமை குறைந்ததை அவரே பின்னர் எழுதினார்.

வெளிப்படுத்தும் சட்டமும் அதன் எல்லையும்

2010 ஜூலையில் நிறைவேறிய டாட்–ஃபிராங்க் சட்டம் இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்தது. நிர்வாகிகளின் ஊதியம் குறித்துப் பங்குதாரர்கள் வாக்களிக்கலாம். அந்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. தலைமை நிர்வாகியின் ஊதியத்துக்கும் இடைநிலை ஊழியரின் ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தை நிறுவனம் வெளியிட வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டுக்கான விதி 2015இல்தான் இறுதியானது. முதல் விகிதங்கள் 2018இல் வெளிவந்தன. இவற்றால் ஊழியர்களின் மனக்குறைக்குத் துல்லியமான எண் கிடைத்தது. வாக்கு பங்குதாரர்களிடமே இருந்தது.

பெருந்தொற்று ஆண்டு

2020 ஏப்ரலில் அமெரிக்காவின் வேலையின்மை 14.7 சதவீதத்தைத் தொட்டது. தற்காலிகமாக வேலையிழந்தோர் மட்டும் 1.81 கோடிப் பேர். அம்மாதம் டிஸ்னி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை மருத்துவக் காப்பீட்டோடு சம்பளமில்லா விடுப்பில் அனுப்பியது. செயல் தலைவர் ராபர்ட் ஐகர் தம் சம்பளத்தைத் துறந்தார். ஆண்டுக்கு 30 லட்சம் டாலரான அந்தச் சம்பளம், முந்தைய நிதியாண்டில் அவர் பெற்ற 4.75 கோடி டாலரில் சிறு பங்கே. நிறுவனரின் குடும்பத்தைச் சேர்ந்த அபிகெயில் டிஸ்னியே இந்த ஏற்றத்தாழ்வை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஹில்டன் விடுதி நிறுவனத்தில் பலர் கட்டாய விடுப்பில் இருந்தனர். ஜூனில் 2,100 அலுவலகப் பணியிடங்கள் நீக்கப்பட்டன. தலைவர் கிறிஸ்டோபர் நசெட்டா அவ்வாண்டின் எஞ்சிய சம்பளத்தைத் துறந்தார். ஆயினும் இலக்குகளை எட்ட முடியாத நிலையில் பங்கு வெகுமதி விதிகளை இயக்குநர் குழு திருத்தியதால், அவரது ஊதியம் 5.59 கோடி டாலர் என்று கணக்கில் பதிவானது. கொள்கை ஆய்வுகளுக்கான கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்த கூலி தரும் 100 பெரிய நிறுவனங்களில் 51 நிறுவனங்கள் இவ்வாறு விதிகளை வளைத்தன. ஹெர்ட்ஸ் நிறுவனம் திவால் மனுவுக்குச் சில நாள்கள் முன்பு 340 நிர்வாகிகளுக்கு 1.62 கோடி டாலர் வழங்கியது.

அரசுப் பணம் சென்ற இடத்தில் நிபந்தனைகள் பலித்தன. 2020 மார்ச்சில் நிறைவேறிய நிவாரணச் சட்டம், உதவி பெற்ற விமான நிறுவனங்கள் செப்டம்பர் 30 வரை ஊழியரைக் கட்டாய விடுப்பில் அனுப்பக் கூடாது என்று விதித்து, அதிகாரிகளின் ஊதியத்துக்கும் வரம்பிட்டது. கெடு முடிந்த மறுநாளே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 19,000 பேரையும் யுனைடெட் 13,000 பேரையும் அனுப்பின. டிசம்பரில் உதவி நீட்டிக்கப்பட்டதும் அவர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர்.

மனக்குறையிலிருந்து வேலைநிறுத்தம் வரை

கேனட் நிறுவனத்தின் தலைவர் மைக் ரீட் 2021இல் 77 லட்சம் டாலர் பெற்றார். இது இடைநிலை ஊழியரின் ஊதியத்தைப் போல் 160 மடங்கு. 2022 டிசம்பரில் ஊழியர்கள் மீண்டும் ஒரு வாரச் சம்பளத்தை இழந்தனர். 2023 ஜூன் 5, பங்குதாரர் கூட்ட நாளன்று, நூற்றுக்கணக்கான செய்தியாளர்கள் வெளிநடப்பு செய்து ரீட் மீது நம்பிக்கையில்லா வாக்களிக்கக் கோரினர். பங்குதாரர்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் வாகனத் தொழிலாளர் சங்கம், நான்காண்டுகளில் நிர்வாகிகளின் ஊதியம் 40 சதவீதம் உயர்ந்ததைச் சுட்டி, அதே அளவு உயர்வு கேட்டு மூன்று வாகன நிறுவனங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 25 சதவீத உயர்வைப் பெற்றது.

2024 செப்டம்பரில் போயிங்கின் 33,000 இயந்திரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அலுவலக ஊழியர்கள் நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கும்படி பணிக்கப்பட்டனர். புதிய தலைவர் கெல்லி ஆர்ட்பெர்க் தாமும் தலைமைக் குழுவும் அதற்கேற்பச் சம்பளக் குறைப்பை ஏற்பதாக அறிவித்தார். அவருக்கு முன்னிருந்தவர் 2023இல் பெற்ற ஊதியம் 3.28 கோடி டாலர். அக்டோபரில் விடுப்புத் திட்டம் கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாக 17,000 பணியிடங்களின் குறைப்பு அறிவிக்கப்பட்டது. சங்கம் கொண்ட இயந்திரத் தொழிலாளர்கள் நான்காண்டுகளில் 38 சதவீத உயர்வோடு நவம்பரில் பணிக்குத் திரும்பினர்.

முடிவுரை

இந்த நிகழ்வுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, ஊழியர்கள் கட்டாய விடுப்பை எதிர்த்ததைவிட, அதன் சுமை ஒரு தரப்பின்மீது மட்டும் விழுவதையே அதிகம் எதிர்த்தனர். இரண்டாவது, ஊதியம் பங்குகளாக மாறிய பிறகு நிர்வாகிகளின் சம்பளத் துறப்பு பொருளிழந்தது. உண்மையான சம பங்கு எதுவென்று காண வெகுமதி விதிகள் திருத்தப்பட்டனவா என்பதைப் பார்க்க வேண்டும். மூன்றாவது, வெளிப்படுத்தும் சட்டங்கள் அநீதியை எண்ணாக்கிக் காட்டினவே தவிர, அவை மட்டுமே அதை நீக்கவில்லை. 1955இல் ஃபோர்டிலும் 1982இல் ஜெனரல் மோட்டார்ஸிலும் 2003இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸிலும், தகவலைக் கையில் வைத்துப் பேரம் பேசச் சங்கம் இருந்தது. 2020இல் விமான நிறுவனங்களிடம் அரசு நிபந்தனை விதித்தது. இவ்விரண்டும் இல்லாத இடங்களில் விகிதங்கள் ஆண்டுதோறும் அச்சாகின்றன. விடுப்பின் இழப்பு ஊழியரிடமே தங்குகிறது.